கீழாநெல்லியும் கேப்சூலும்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மழை பெய்து ஓய்ந்ததும் வரப்போரம் தானாக முளைக்கும் செடிகளில் கீழாநெல்லிக்கென்று ஒரு தனி மதிப்பு உண்டு. இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் குட்டிக் காய்களை வைத்துப் பள்ளிப் பிள்ளைகூட அதை அடையாளம் சொல்லிவிடும். வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் அதை வேரோடு பிடுங்கி, அலசி, அரைத்து, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பது தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. இப்போது அதே வீட்டு அலமாரியில் புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், செலினியம், துத்தநாகம் என்று பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்ட ஆன்டி-ஆக்ஸிடன்ட் கேப்சூல் அட்டை. செடி இலவசம், கேப்சூலுக்குக் காசு. ஆனால் இரண்டுக்கும் இன்று சொல்லப்படும் நியாயம் ஒன்றுதான். ஆக்ஸிஜனேற்றம் கல்லீரலைக் கெடுக்கிறது, அதைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால் கல்லீரல் பிழைக்கும் என்பது அந்த நியாயம். இதில் முதல் பாதி பெருமளவு உண்மை. அதிலிருந்து இரண்டாம் பாதி தானாக வந்துவிடாது என்பதே நான் இன்று நிறுவ விரும்பும் செய்தி.

முதலில் அந்த உண்மைப் பாதியைப் பார்ப்போம். உள்ளே போகும் சாராயத்தில் மிகப் பெரும் பங்கு கல்லீரலில்தான் எரிந்தாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. எப்போதாவது குடிப்பவரிடம் ஆல்கஹால் டீஹைட்ரஜினேஸ் என்ற நொதி பெரும்பாலான வேலையை முடித்துவிடுகிறது. தினமும் குடிப்பவரிடம் சைட்டோக்ரோம் 2ஈ1 என்ற இன்னொரு நொதி பெருகி, அதுவும் வேலைக்கு வந்து நிற்கிறது. இந்த இரண்டாவது ஆள் வேலையில் சுறுசுறுப்பு, சுத்தத்தில் மோசம். ஆல்கஹாலை எரிக்கும்போதே சினம்கொண்ட ஆக்ஸிஜன் துகள்களைச் சுற்றிலும் சிதறவிடுகிறது. அவை செல்லின் கொழுப்புச் சவ்வைத் தாக்குகின்றன. இந்தத் துகள்களை அடக்குவதற்கென்று கல்லீரல் சொந்தமாகத் தயாரித்து வைத்திருக்கும் பொருள் குளூட்டாதயோன். நாள்பட்ட குடியில் அதன் இருப்பும் கரைந்துபோகிறது. காயம் பட்டுக்கொண்டே இருக்கும் கல்லீரலில், வழக்கமாக வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைத்துக்கொண்டு சாதுவாக இருக்கும் ஸ்டெல்லேட் செல்கள் குணம் மாறி, நாரை உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. தழும்பு மேல் தழும்பு ஏறி ஈரல் கல்லாகிப் போவதைத்தான் சிரோசிஸ் என்கிறோம். குடிக்காதவருக்கும் இது வரலாம். உடல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களின் கல்லீரலில் கொழுப்பு தங்குகிறது. அந்தக் கொழுப்பைச் சுற்றியும் இதே நாடகம் மெதுவாக நடக்கிறது. ஸ்கேன் சீட்டில் ‘ஃபேட்டி லிவர்’ என்று எழுதிக் கொடுப்பது இதன் முதல் காட்சியைத்தான். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, புதுச்சேரிப் பெண்களில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையுடன் இருப்பதாகக் காட்டியது. ஆகவே இது குடிகாரர்களின் பிரச்சினை மட்டும் என்று யாரும் நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியாது.

இந்த இடத்தில் விளம்பரக்காரர் ஓர் உவமையோடு வருகிறார். இரும்பு துருப்பிடிப்பதுபோல ஈரலும் துருப்பிடிக்கிறது, எங்கள் கேப்சூல் அதற்குப் பூசும் வண்ணம் என்கிறார். கேட்கச் சுலபமாக இருக்கிறது. பாதிக் குழப்பம் இந்த உவமையிலேயே பிறக்கிறது. இரும்புக்குத் துருவால் ஒரு பயனும் இல்லை. உடலுக்கோ இந்த ஆக்ஸிஜன் துகள்கள் வேண்டும். குடலிலிருந்து ரத்தத்தோடு வரும் கிருமிகளைக் கல்லீரலின் காவல் செல்கள் கொல்வது இவற்றைக் கொண்டுதான். கெட்டுப்போன ஒரு செல், புற்றாக மாறுவதற்கு முன் தன்னைத்தானே முடித்துக்கொள்ள எடுக்கும் சமிக்ஞையிலும் இவற்றுக்குப் பங்குண்டு. உடல் இவற்றை ஒரு மட்டத்தில் வைத்திருக்கப் பாடுபடுகிறது. அடியோடு ஒழிக்க அது நினைப்பதே இல்லை. வெளியிலிருந்து கை நிறைய அள்ளிப் போட்டால் அந்த மட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சோதனைக்கு முன், மக்களைக் கவனித்துப் பார்த்த ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். கேப்சூல் விற்பவர்கள் காட்டும் சான்றில் பெரும்பங்கு இவற்றிலிருந்தே வருகிறது. 1988 முதல் 1994 வரை அமெரிக்க அரசு மக்களின் உடல்நலத்தையும் உணவையும் நாடு தழுவி ஆராய்ந்தது. அந்தத் தரவில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ரத்த அளவுகளை எடுத்து, கான்ஸ்டன்ஸ் ரூல், ஜேம்ஸ் எவர்ஹார்ட் என்ற இருவர் 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நம் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எஸ்.ஜி.பி.டி. என்று அச்சாகும் நொதி, கல்லீரல் செல் உடையும்போது ரத்தத்தில் கசிவது. ரத்தத்தில் இரும்பு மிகுந்தவர்களிடம் இந்த நொதி கூடுதலாக இருந்தது. கீரையும் காரட்டும் பப்பாளியும் தரும் கரோட்டினாய்டுகள் மிகுந்தவர்களிடம் குறைவாக இருந்தது. நல்ல ஆய்வு, கணக்கிலும் பிழை இல்லை. ஆனால் இதிலிருந்து கரோட்டின் ஈரலைக் காக்கிறது என்று எடுத்துக்கொள்வதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். கரோட்டின் குறைந்ததால் ஈரல் கெட்டதா, ஈரல் கெட்டதால் கரோட்டின் குறைந்ததா? கொழுப்பில் கரையும் இந்தச் சத்துகளை ரத்தத்தில் சுமந்து செல்லும் வாகனங்களைத் தயாரிப்பதே கல்லீரல்தான். அது நோயுற்றால் வாகனமும் குறையும், சரக்கும் குறையும். இது முதல் கேள்வி. இரண்டாவது, கீரை நிறையச் சாப்பிடுகிறவர் வேறு என்னவெல்லாம் செய்கிறார் என்பது. சாயங்காலம் சாராயக்கடைக்குப் போகிறவரின் ராத்திரிச் சாப்பாடு பல நாள் ஒரு பொட்டலம் சுண்டலோடும் இரண்டு துண்டு ஊறுகாயோடும் முடிந்துவிடுகிறது. வீட்டில் வைத்த முருங்கைக்கீரைப் பொரியல் மூடியபடியே இருக்கும். அவருடைய ரத்தத்தில் கரோட்டின் குறைவாக இருந்தால் அது ஈரல் கெட்டதற்குக் காரணம் ஆகாது. அவர் எப்படி வாழ்கிறார் என்பதற்குச் சாட்சி ஆகலாம்.

சாட்சியையும் காரணத்தையும் பிரிக்க ஒரே வழி, மக்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மாத்திரையும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது. பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்துக்கொண்டு பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஈ-யையும் சோதித்தார்கள். புற்றுநோயைக் குறைக்கும் என்று எதிர்பார்த்த பீட்டா கரோட்டின், நுரையீரல் புற்றை 18 விழுக்காடு கூட்டியது. முடிவு 1994இல் வெளியானபோது ஆராய்ச்சி உலகம் நம்ப மறுத்தது. இரண்டே ஆண்டில் அமெரிக்காவில் 18,314 பேர் சேர்ந்த இன்னொரு சோதனை, பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்துப் பார்த்தது. நுரையீரல் புற்று 28 விழுக்காடு கூடியதால் அதைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இது நுரையீரல் கதைதானே, ஈரலுக்கு என்ன என்று கேட்கலாம். பின்லாந்து ஆய்வில் மது அருந்துபவர்களிடம் இந்தத் தீங்கு கூடுதலாகத் தெரிந்தது என்பதைக் கவனியுங்கள். அதற்கு ஏற்கனவே விளக்கம் தேடியவர் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் குடியும் ஈரலும் பற்றிப் பல பத்தாண்டு உழைத்த சார்லஸ் லீபர். குடிப்பவரின் கல்லீரலில் வைட்டமின் ஏ கையிருப்பு குறைந்திருக்கும். ஆனால் அதை நிரப்பப் போனால், குடிக்காதவருக்கு ஒன்றும் செய்யாத அளவே இவருக்கு நஞ்சாகிவிடும் என்று அவர் காட்டினார். மதுவும் பீட்டா கரோட்டினும் சேர்த்துக் கொடுத்த பபூன் குரங்குகளின் ஈரல், மது மட்டும் குடித்தவற்றின் ஈரலைவிட மோசமாகக் கெட்டது. குறைவும் ஆபத்து, நிரப்புவதும் ஆபத்து என்ற இந்த இறுக்கமான நிலை எனக்கு இந்த விஷயத்தின் மையமாகத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் இல்லாத சாராயக்கடையும் கள்ளுக்கடையும் ஏலம் எடுத்து உரிமத்தோடு நடக்கும் பிரதேசம் நம் புதுச்சேரி. சாராயம் வரும் அரசு வடிசாலை வில்லியனூரை ஒட்டிய ஆரியபாளையத்திலேயே இருக்கிறது. குடிக்கிற புருஷனின் ஈரலுக்கு நல்லது என்று நம்பி மனைவி காசு சேர்த்து வாங்கித் தரும் கேப்சூல், அவருக்குத்தான் மிகவும் பொருந்தாதது.

சரி, குடியால் ஈரல் ஏற்கனவே வீங்கி, உயிருக்கே ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு? அங்கேயாவது ஆன்டி-ஆக்ஸிடன்ட் கைகொடுக்க வேண்டுமல்லவா? இங்கிலாந்தில் 101 நோயாளிகளை வைத்து, பல ஆன்டி-ஆக்ஸிடன்ட்கள் சேர்ந்த ஒரு கூட்டு மருந்தை வழக்கமான ஸ்டீராய்டு சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். 30 நாளில் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 30 விழுக்காட்டினர் இறந்தார்கள். ஆன்டி-ஆக்ஸிடன்ட் எடுத்தவர்களில் 46 விழுக்காட்டினர். இது 2006இல் வந்தது. ஆக்ஸிஜனேற்றம் மிக உக்கிரமாக நடக்கும் இடத்திலேயே இந்த மருந்து தோற்றது என்றால், அந்தத் தத்துவத்தில் எங்கோ ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

இங்கே மருத்துவம் தெரிந்த ஒருவர் எழுந்து, அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தை மறந்துவிட்டீர்களே என்று கேட்பார். நியாயமான கேள்வி, என் வாதத்துக்கு எதிராக நிறுத்தக்கூடியவற்றில் இதுவே வலுவானது. பாராசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவரை இந்த மருந்து காப்பாற்றுகிறது; 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஏறக்குறைய முழுதாகவே காப்பாற்றுகிறது. குளூட்டாதயோன் தயாரிக்கத் தேவையான கச்சாப்பொருளைத் தருவதே அதன் வேலை. ஏன் அங்கே பலிக்கிறது என்பதைப் பாருங்கள். பாராசிட்டமால் உடைந்து வரும் நஞ்சு ஒன்றே ஒன்று. அதைக் கட்டிப்போடுவது குளூட்டாதயோன் ஒன்றே ஒன்று. தீர்ந்துபோவது சில மணி நேரத்தில். நஞ்சு மறுநாள் திரும்ப வருவதில்லை. எது தீர்ந்ததோ அதையே, தீரும் நேரத்திலேயே கொடுக்கிறோம். தினமும் சாயங்காலம் புதிதாக நஞ்சு உள்ளே போகும் ஈரலுக்கோ, பதினைந்து ஆண்டுகளாகக் கொழுப்பு ஏறிய ஈரலுக்கோ இந்தக் கணக்கு ஒத்துவராது. குடியால் வரும் கடும் ஈரல் அழற்சியில் ஸ்டீராய்டோடு இதையும் சேர்த்து, பிரான்ஸில் 174 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2011இல் வந்தது. முதல் மாதத்தில் மரணம் 24 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 38க்கு 27, அந்த வேறுபாடு உறுதியாகச் சொல்லத்தக்கதாக இல்லை. மருத்துவமனையில் நரம்பு வழியே, மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இடையில் ஒரு எச்சரிக்கை: நாள் முழுக்கச் சேற்றில் நின்ற உடம்பு வலிக்குக் குடித்துவிட்டு, மேலும் இரண்டு பாராசிட்டமால் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களில் சாதாரணம். பட்டினியும் குடியும் சேர்ந்தவரிடம் குளூட்டாதயோன் ஏற்கனவே வற்றிக் கிடக்கிறது. மற்றவருக்குத் தாங்கும் அளவு அவருக்குத் தாங்காமல் போகலாம்.

குடிக்காதவரின் கொழுப்பேறிய ஈரலுக்கு வைட்டமின் ஈ பலிக்கிறது என்பதற்கும் சான்று உண்டு, மறைக்க மாட்டேன். 247 பேர் கலந்துகொண்டு 2010இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான சோதனையில், நாளுக்கு 800 யூனிட் வைட்டமின் ஈ-யை 96 வாரம் எடுத்தவர்களில் 43 விழுக்காட்டினருக்கு ஈரல் திசு தேறியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 19 விழுக்காட்டினருக்கே தேறியது. இந்த முடிவை வைத்துத்தான் உலகமெங்கும் மருத்துவர்கள் சிலருக்கு வைட்டமின் ஈ எழுதித் தருகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சோதனையில் தழும்பு கரைந்ததாகக் காணவில்லை. ஈரல் நோயில் ஆளை இறுதியில் கொல்வது தழும்பு. அடுத்ததாக, சர்க்கரை நோய் உள்ள எவரையும் அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானபோது, சர்க்கரை நோயில் கோவா 26.4 விழுக்காட்டோடு முதலிடம், புதுச்சேரி 26.3 விழுக்காட்டோடு இரண்டாமிடம். நாட்டின் சராசரி 11.4. அங்கே யாரை வெளியே நிறுத்தினார்களோ அவர்தான் இங்கே ஸ்கேன் சீட்டோடு வந்து நிற்கிறார். சர்க்கரை நோயாளிகளிடம் பின்னர் நடத்திய சோதனையில் வைட்டமின் ஈ தனியாக முதன்மை இலக்கை எட்டவில்லை. 800 யூனிட் என்பது ஒருவரின் நாள் தேவையைப்போல முப்பது மடங்குக்கும் மேல் என்பதையும் நினைவில் வையுங்கள். அதில் பாதியான 400 யூனிட்டை 35,533 ஆண்கள் சேர்ந்த பெரிய சோதனையில் கொடுத்தபோது, ப்ராஸ்டேட் புற்று 17 விழுக்காடு கூடியது. கியூபாவில் 293 பேர் மருந்தில்லாமல் உணவையும் நடையையும் மட்டும் மாற்றிக்கொண்டார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு ஈரல் அழற்சி நீங்கியது, 45 விழுக்காட்டினருக்குத் தழும்பே பின்வாங்கியது. எந்தக் கேப்சூலும் இந்த எண்ணின் பக்கத்தில்கூட வந்ததில்லை.

இனி நம் வரப்புக்கு வருவோம். கீழாநெல்லியை மேலைநாட்டு அறிவியல் அலட்சியம் செய்தது என்று சொல்வது சரியல்ல. 1988இல் லான்செட் இதழில் சென்னையிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. தியாகராஜன் தலைமையில் செய்த அந்த ஆய்வில், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் பங்காளி. கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. திரும்பிப் பார்த்தவர்கள் தங்கள் ஊரில் செய்தும் பார்த்தார்கள். 1990இல் தாய்லாந்திலிருந்து வந்த முடிவில் அந்தப் பலன் இல்லை. பின்வந்த சோதனைகளும் சென்னையின் எண்ணை எட்டவில்லை. செடி வளரும் மண்ணும் பருவமும் வேறு, இனமும் வேறாக இருக்கலாம் என்று ஆதரிப்பவர்கள் சொல்வதில் அர்த்தமுண்டு. அதே காரணத்தால்தான், எந்தச் செடி, எந்தப் பருவம், எவ்வளவு என்று தெரியாமல் வரப்பில் பிடுங்கியதை மருந்தென்று நம்ப முடியாது என்று நானும் சொல்கிறேன். அப்படியானால் பாட்டி கொடுத்துக் குணமானவர்கள் ஏன் ஊரில் இத்தனை பேர்? கிராமத்துக் காமாலையில் பெரும்பகுதி கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வகைகள். சில வாரங்களில் உடலே அவற்றை விரட்டிவிடுகிறது. அந்த வாரங்களில் கீழாநெல்லி குடித்தவர் கீழாநெல்லிக்கும், மந்திரித்துக்கொண்டவர் மந்திரித்தவருக்கும், மாத்திரை போட்டவர் மருந்துக்கடைக்கும் நன்றி சொல்வார். கர்ப்பிணிக்கு ஈ வகை வந்தால், அல்லது வந்தது பி வகையாக இருந்தால், அல்லது பித்தப் பாதையில் கல் அடைத்திருந்தால், காத்திருந்த அந்த மூன்று வாரம்தான் விலை.

இலைதானே, நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது என்பது இன்னொரு எதிர்வாதம். கீழாநெல்லியைப் பொறுத்தவரை இதை நான் பெரிதாக மறுக்கப் போவதில்லை. பொதுவிதியாக எடுத்துக்கொண்டால் இது மிகத் தவறு. கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியை வடநாட்டில் தினமும் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்றும் அதை விற்றார்கள். 2020இன் கடைசி மாதங்களில் மும்பையில் ஆறு பேர் ஈரல் பாதிப்போடு வந்ததை மருத்துவர்கள் மறு ஆண்டு எழுதினார்கள்; ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. 2022இல் நாட்டின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து இதேபோலப் பாதிக்கப்பட்ட 43 நோயாளிகளைப் பற்றி எழுதின. பச்சைத் தேயிலைச் சாற்றை அடர்த்தியாக்கி உடல் மெலியச் செய்யும் மாத்திரையாக விற்றதை, ஈரல் பாதிப்பு காரணமாக பிரான்ஸும் ஸ்பெயினும் 2003இல் சந்தையிலிருந்து எடுத்தன. மஞ்சளின் குர்க்குமினை மிளகுச் சாற்றோடு சேர்த்துக் கேப்சூலாக்கியவர்கள், அது உடலில் பல மடங்கு உறிஞ்சப்படும் என்று பெருமை பேசுகிறார்கள். அமெரிக்காவில் மருந்தால் வரும் ஈரல் பாதிப்பைத் தொடர்ந்து கவனிக்கும் குழு மஞ்சள் மாத்திரையால் பாதிக்கப்பட்ட 10 பேரை விவரித்தது, அதில் ஒருவர் இறந்துபோனார். இதைக் கேட்டுச் சாம்பாரில் மஞ்சள் போடப் பயப்பட வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சளில் குடலைத் தாண்டிப் போவது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தை மாற்றியமைத்ததுதான் கேப்சூல் செய்த காரியம். கீரையிலும் இப்படியே. முருங்கையிலையின் கரோட்டின் நார்ச்சுவருக்குள் பொதிந்து கிடக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகவே வெளியே வருகிறது. எண்ணெயில் கரைத்த மாத்திரைக்கு அந்தச் சுவர் கிடையாது.

ஒருவர் இங்கே என்னை மடக்கலாம்: கேப்சூலை ஏற்காத நீங்கள், காபி ஈரலுக்கு நல்லது என்று மருத்துவர்களே சொல்வதை ஏற்பீர்களா? கலிஃபோர்னியாவில் 1,25,580 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், காபி அதிகம் குடிப்பவர்களிடம் குடியால் வரும் சிரோசிஸ் கணிசமாகக் குறைந்திருந்தது உண்மை. அதுவும் கவனிப்பு ஆய்வுதான், கரோட்டினுக்குக் கேட்ட கேள்வியை அதற்கும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு சுவையான செய்தி உண்டு. அதே ஆய்வில் தேநீருக்கு அந்தத் தொடர்பு இல்லை. ஆன்டி-ஆக்ஸிடன்ட்தான் காரணம் என்றால் தேநீரும் அல்லவா வரிசையில் நின்றிருக்க வேண்டும்? வேறு ஏதோ பொருள், வேறு ஏதோ வழி. காபி குடிக்கிறவர் குடியுங்கள், அதை மருந்தாக்க வேண்டாம்.

இத்தனை நேரம் மறுத்துக்கொண்டே வந்தேன். ஈரல் நோயாளிக்குச் சத்துக் குறைவே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குறைவு கடுமையாக இருக்கிறது, ஆனால் வேறு பொருளில். சிரோசிஸ் உள்ளவரின் தோளும் தொடையும் மெலிவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரலால் இரவு முழுக்கத் தேவையான சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாததால் உடல் தன் தசையையே தின்கிறது. ஐரோப்பிய ஈரல் மருத்துவர்களின் வழிகாட்டுதல், இவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றில் 1.2 முதல் 1.5 கிராம் புரதமும், படுக்கும் முன் ஒரு சிற்றுணவும் வேண்டும் என்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 கிராமுக்குக் குறையாமல் புரதம். நாம் என்ன செய்கிறோம்? காமாலை என்றதும் பத்தியம் தொடங்குகிறோம். எண்ணெய் கூடாது, முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்புகூட வேண்டாம். அரிசிக் கஞ்சியும் கரும்புச்சாறும் இளநீரும் போதும் என்கிறோம். வயிற்றில் நீர் கோத்தவருக்கு உப்பைக் குறைப்பது மட்டும் சரி. மற்றதெல்லாம் எதிரிக்கு உதவுவது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மூன்று மாதம் இந்தப் பத்தியத்தில் இருந்தால், அவர் பணம் கொடுத்து விழுங்கும் கேப்சூல் அத்தனையும் சேர்ந்தாலும் தசையின் ஒரு கிராமைத் திரும்பக் கொண்டுவராது. அந்தப் பணத்துக்கு இரண்டு முட்டையும், ஒரு கைப்பிடி வேர்க்கடலையும், கடலூர்ச் சாலையோரம் கூடையில் விற்கும் மத்தி மீனும் கிடைக்கும். வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்ததைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லை மாவட்டங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற ஏழை மக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தார்கள்.

அப்படியானால் நெல்லிக்காய், கொய்யா, பொன்னாங்கண்ணி, முருங்கை? தாராளமாக. நூறு கிராம் கொய்யாவில் இருநூறு மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது, சீமைப் பழங்கள் பலவற்றுக்கும் அது தாழ்ந்ததல்ல. கீரை சாப்பிடுகிற வீட்டில் எடை கட்டுக்குள் இருக்கும், சர்க்கரை கொஞ்சம் கட்டுப்படும், தட்டில் பரோட்டாவுக்கு இடம் குறையும். ஈரலுக்கு வரும் நன்மையில் பெரும்பகுதி அந்த வழியாகவே வருகிறது என்பது என் முடிவு. சாராயக்கடைக்குப் போகும் வழியில் நெல்லிக்காயை மென்றுகொண்டு போனால் கணக்கு நேராகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். கடைகளின் எண்ணிக்கையும் ஏலத் தொகையும் சட்டமன்றத்தில் பேச வேண்டிய விஷயங்கள். அதைப் பேசாமல் ஈரலைக் கேப்சூலிடம் ஒப்படைப்பது அரசுக்கும் வசதி, கம்பெனிக்கும் வசதி.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி குழந்தைக்கு எல்லாத் தவணையும் முடிந்ததா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்கு அந்தக் கிருமி இருந்தால் பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள். கண் மஞ்சளானவரை அன்றே கரிக்கலாம்பாக்கம் சுகாதார நிலையமோ கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையோ, பிலிரூபினும் ரத்தம் உறையும் நேரமும் பார்க்கக்கூடிய ஓரிடத்துக்கு அழைத்துப் போங்கள். போகும்போது அவர் கடந்த மூன்று மாதத்தில் விழுங்கிய கேப்சூல், சூரணம், லேகியம், கஷாயப் பொடி அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, மருத்துவர் கேட்பதற்கு முன் மேசையில் வையுங்கள்.